6 மி.மீ. பிளைவுட், எபாக்ஸி, 3.6 மீட்டர் துடுப்புப் படகு: தைக்கும் முன் சில சந்தேகங்கள்

நீர்க்கோடு (கேள்வி)

வணக்கம். ஏரியில் இரண்டு பேர் துடுப்பு வலித்துப் போக ஒரு சிறு படகு. வரைபடம் கையில் இருக்கிறது: நீளம் 3.6 மீட்டர், நடு அகலம் 1.2 மீட்டர், தட்டையான அடிப்பலகை, பக்கத்துக்கு ஒரு பலகை, ஒரு பின்பலகை, இரண்டு குறுக்குத் தடுப்பு. எல்லாமே 6 மி.மீ. பிளைவுட். கம்பியால் தைத்து, உள்மூலையில் எபாக்ஸிப் பட்டி இழுத்து, மேலே ஃபைபர் டேப் ஒட்டும் முறை.

பலகையில் ரம்பம் வைப்பதற்கு முன் தெளிவு வேண்டியவை:

மரைன் பிளைவுட்தான் வேண்டுமா? சாதாரண வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்டை நாலாபக்கமும் எபாக்ஸியால் மூடிவிட்டால் தண்ணீர் எப்படி உள்ளே போகும்?

ஷீட்டின் நீளம் 2440 மி.மீ.தான். ஒட்டு எங்கே வர வேண்டும், எப்படிப் போடுவது?

எபாக்ஸி மொத்தம் எவ்வளவு? 5 கிலோ என்கிறார்கள், 20 கிலோ என்கிறார்கள். வெளிப்பக்கத்துக்கு மட்டும் பாலியெஸ்டர் ரெசின் போட்டால் ஆகாதா? பழைய மிரர் டிங்கிகள் பாலியெஸ்டரில் கட்டியவைதானே?

கடைசியாக ஒரு சிக்கல். ஒரு சதுரத் துண்டில் சோதனைக்கு எபாக்ஸி பூசினேன். டப்பாவில் 2:1 என்று இருக்கிறது. தராசில் 100 கிராம் ரெசின், 50 கிராம் ஹார்ட்னர் எடுத்து 3 நிமிடம் கலக்கிக் காலை எட்டு மணிக்குப் பூசியது. மறுநாள் பார்த்தால் நகம் பதிகிறது, மேலே மெழுகு தடவியது போல வழவழப்பு, ஏகப்பட்ட நுண்குமிழி. 80 எண் உப்புத்தாள் இரண்டு இழுப்பில் அடைத்துக்கொள்கிறது. ரெசின் கெட்டுப்போனதா?

---

பட்டிக்கரண்டி

ரெசின் கெடவில்லை. நீங்கள் எழுதியதிலேயே மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது விகிதம். டப்பா மேல் இருக்கும் 2:1 பெரும்பாலும் கன அளவு, எடை அல்ல. ரெசின் லிட்டருக்குச் சுமார் 1.15 கிலோ, ஹார்ட்னர் சுமார் 1 கிலோ. 100 கிராம் ரெசின் என்றால் 87 மி.லி.; அதில் பாதி 43.5 மி.லி. ஹார்ட்னர், எடையிலும் கிட்டத்தட்ட அதே 43–44 கிராம். நீங்கள் போட்டது 50, ஏழில் ஒரு பங்கு கூடுதல். பாலியெஸ்டரில் சொட்டுக் கணக்கில் விடுகிற கேட்டலிஸ்ட் வேறு, இது வேறு. எபாக்ஸியில் ஹார்ட்னர் ரெசினோடு சேர்ந்து அந்தப் பிளாஸ்டிக்கின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. கூட்டிப் போட்டால் சீக்கிரம் இறுகாது. இணை கிடைக்காத மிச்சம் உள்ளே தங்கி, பலகையை ரப்பர் தடவியது போல விட்டுவிடும். வேகம் வேண்டுமென்றால் வேகமான ஹார்ட்னர் வாங்க வேண்டும், அளவை மாற்றக் கூடாது. உங்கள் பிராண்டின் டேட்டா ஷீட்டில் எடை விகிதம் தனியாக இருக்கும். அதைப் பார்த்து டப்பா மூடியில் பெரிதாக எழுதிவையுங்கள்.

இரண்டாவது அந்த மெழுகு. அது அமீன் பிளஷ். ஹார்ட்னர் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே படியவிடும் படலம். தண்ணீரில் கரையும், தின்னரில் சரியாகப் போகாது. வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும். தேய்த்து, தண்ணீர் மாற்றி மறுபடி துடைத்து, உலரவிட்ட பிறகுதான் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகையே கீறலுக்குள் அழுத்திவிடுவீர்கள், அடுத்த கோட் பிடிக்காது. ஆறு மாதம் கழித்துப் பெயின்ட் தோல் தோலாக உரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மூன்றாவது குமிழி. காலையில் பூசினால் பகல் ஏற ஏற மரம் சூடாகிறது, மரத்துளைகளில் இருக்கும் காற்று விரிந்து ஈரமான எபாக்ஸி வழியாக வெளியேறப் பார்க்கிறது. முதல் கோட்டை மாலையில், வெப்பம் இறங்கும் நேரத்தில் பூசுங்கள். மரம் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி எபாக்ஸியை உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு எந்தச் செலவும் இல்லை, நேரத்தை மாற்றினால் போதும்.

உங்கள் சோதனைத் துண்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, சரியான விகிதத்தில் இன்னொன்று போட்டு ஒரு நாள் பாருங்கள். நகம் பதியக் கூடாது. முழு வலிமைக்கு 25 டிகிரியில் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

அளவுக் கணக்கை நீங்களே போடலாம். உங்கள் படகின் வெளிப்பரப்பு சுமார் 6.5 சதுர மீட்டர் வரும். 200 கிராம் ஃபைபர் துணி போர்த்தினால் துணி 1.3 கிலோ, அதை நனைக்க ஏறக்குறைய அதே எடை ரெசின், 1.5 கிலோ என்று வையுங்கள். துணியின் நெசவு தெரியாமல் நிரப்ப இரண்டு கோட், சதுர மீட்டருக்குத் தலா 150 கிராம்: 2 கிலோ. உட்புறமும் தடுப்புகளின் இரு முகமும் சேர்த்து 11.5 சதுர மீட்டர். மூன்று கோட்டுக்குச் சதுர மீட்டருக்கு 350 கிராம்: 4 கிலோ. 20 மி.மீ. ஆரத்தில் 90 டிகிரி மூலை ஃபில்லெட் (உள்மூலையில் இழுக்கும் எபாக்ஸிப் பட்டி) ஒரு மீட்டருக்கு 86 மி.லி. பிடிக்கும். 20 மீட்டருக்கு 1.7 லிட்டர், அதில் ரெசின் மட்டும் சுமார் 1.4 கிலோ. டேப்புக்கு அரை கிலோ, ஒட்டுகளுக்கும் மேல்விளிம்புச் சட்டத்துக்கும் 700 கிராம். கூட்டினால் 10 கிலோ; கப்பிலும் ரோலரிலும் போவது 15 சதவீதம். 12 கிலோ வாங்குங்கள். ஃபில்லெட் ஆரத்தை 25 ஆக்கினால் மீட்டருக்கு 134 மி.லி. ஆகிவிடும், 5 மி.மீ. கூடுவதற்குள் ஒன்றரை மடங்கு. 20 கிலோ செலவழித்தவர்கள் பெரும்பாலும் பட்டி இழுக்கும் கரண்டியைப் பெரிதாக வெட்டியவர்கள்.

---

இழைப்புளி

பிளைவுட் பற்றி. எபாக்ஸியால் மூடினால் எந்தப் பிளைவுட்டும் ஆகும் என்ற எண்ணம் இரண்டு இடத்தில் உடைகிறது. ஒன்று, வீட்டுப் பிளைவுட்டின் நடு ஏடுகளில் (ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிய மெல்லிய மரத்தகடுகளில்) இடைவெளி இருக்கும். வளைக்கும்போது பலகை அந்த இடத்தில் முறிந்து முழங்கை போல மடங்கும். எபாக்ஸி வெளித்தோல்தானே, உள்ளே இருக்கும் ஓட்டைக்கு அது ஒன்றும் செய்யாது. இரண்டு, படகு என்றால் எங்காவது கீறல் விழத்தான் செய்யும். கரையில் இழுக்கும்போது ஒரு கல் போதும். பசை தாங்கும் பிளைவுட்டில் தண்ணீர் அந்த இடத்தில் நிற்கும், தாங்காததில் ஏடு ஏடாகப் பிரிந்து ஓடும்.

பி.எஸ். 1088 (மரைன் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரம்) என்றால் கொதிநீர் தாங்கும் பசை, நல்ல நடு ஏடுகள் என்று பொருள். முத்திரையை மட்டும் நம்பாமல், கடையிலேயே ஷீட்டின் நான்கு விளிம்பையும் பாருங்கள்: கருப்பு ஓட்டை, ஒன்றன் மேல் ஒன்று ஏறிய ஏடு இருந்தால் விடுங்கள். 6 மி.மீ.யில் ஐந்து ஏடு இருப்பது மூன்று ஏட்டைவிட மேல். மூன்று ஏட்டில் வெளி ஏடு மெல்லிசாகவும் நடு ஏடு தடிமனாகவும் இருந்தால் ஒரு திசையில் எளிதாக மடங்கிவிடும். உள்ளங்கை அளவு துண்டை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, உலர்த்தி, மறுபடி கொதிக்கவையுங்கள். விளிம்பில் உளி நுனியைச் செருகித் திருகினால் மர நார் கிழிய வேண்டும், பசைக்கோடு பிரியக் கூடாது.

எடையையும் பாருங்கள். ஒக்கூமே என்ற இலேசான மரத்தில் 6 மி.மீ. ஷீட் சுமார் 9 கிலோ, கனமான மரத்தில் 12 கிலோவுக்கு மேல். உங்களுக்கு 4 ஷீட் வேண்டும், வித்தியாசம் 12 கிலோ வரை போகும். கரையில் இருவர் தூக்கும்போது அது தெரியும்.

ஒட்டுக்கு 1:8 சரிவு. 6 மி.மீ.க்கு 48 மி.மீ. இரண்டு துண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக, மேல் துண்டு 48 மி.மீ. உள்ளே தள்ளியிருக்கும்படி மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு, இரண்டையும் சேர்த்து ஒரே சரிவாக இழையுங்கள். ஏடுகளின் பசைக்கோடுகள் வரிவரியாகத் தெரியும். அந்த வரிகள் நேராகவும் சம அகலமாகவும் ஓடினால் சரிவு சரி. ஓரிடத்தில் வரி வளைந்தால் அங்கே பள்ளமோ மேடோ இருக்கிறது. அளவுகோலைவிட நம்பகமான சாட்சி இது. இழைப்புளி அலகை நடுவில் ஒருமுறை தீட்டுங்கள், பிளைவுட் பசை கூர்மையைத் தின்றுவிடும்.

ஒட்டும்போது முதலில் கெட்டிப்படுத்தாத எபாக்ஸியை இரு சரிவிலும் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். உறிஞ்சிய இடம் மங்கலாகத் தெரியும், அங்கே மறுபடி தடவுங்கள். பிறகு சிலிக்காப் பொடி கலந்து கெட்டியாக்கியதைப் பூசி மூடுங்கள். கீழேயும் மேலேயும் பாலித்தீன். துண்டுகள் வழுக்கி நகரும். ஒட்டுக்கு வெளியே இரண்டு மெல்லிய ஆணி அடித்து நிறுத்தினால் நகராது. கிளாம்பை முறுக்கிப் பிழிய வேண்டாம். மரவேலைப் பசைக்கு அழுத்தம் வேண்டும், எபாக்ஸிக்குப் படலம் வேண்டும். பிழிந்து காய்ந்த ஒட்டு வளைக்கும்போது டப்பென்று விட்டுவிடும். ஒட்டை நடுவிலிருந்து விலக்கி, வளைவு குறைவாக உள்ள பின்பக்கம் வருமாறு வையுங்கள்.

இரண்டு பக்கப் பலகையையும் சேர்த்து வைத்தே வெட்டி, சேர்த்தே கோட்டுக்கு இழையுங்கள். முடிந்ததும் இரண்டிலும் "உள்", "முன்" என்று பென்சிலால் எழுதுங்கள். இரண்டு இடது பக்கம் செய்துவிடுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு.

---

அணியம்

பாலியெஸ்டர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நீங்கள் சொன்னது சரி. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஒரு செய்தித்தாளின் ஆதரவோடு வந்த மிரர், சுமார் 3.3 மீட்டர், செப்புக் கம்பியில் தைத்து பாலியெஸ்டரும் கண்ணாடியிழை டேப்பும் போட்டதுதான். 70,000க்கு மேல் கட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் அதில் பாலியெஸ்டர் இருந்தது மூட்டு டேப்பில். படகு முழுவதையும் அதில் போர்த்துவது வேறு கதை. பாலியெஸ்டர் இறுகும்போது அதிகம் சுருங்கும், மர நாரை எபாக்ஸி அளவுக்குப் பற்றாது, மரம் ஈரத்தில் ஊதிச் சுருங்க அந்தத் தோல் மெல்ல விட்டு எழும்பும். பிறகு மரத்துக்கும் தோலுக்கும் நடுவே தண்ணீர் தேங்கி, வெளியே தெரியாமலேயே பலகை உளுத்துப்போகும். எபாக்ஸி மேல் பாலியெஸ்டரும் சரியாகப் பிடிக்காது. ஒரே ரெசினில் நில்லுங்கள்.

இதோடு சேர்த்து: வெட்டிய நாரை அள்ளி அமுக்கியது போல இருக்கும் மேட் வகை வாங்காதீர்கள். அதைச் சேர்த்துப் பிடிக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரினில் கரையும்படி செய்தது. எபாக்ஸியில் கரையாமல் விறைத்து நிற்கும். நெய்த துணி, நெய்த டேப் மட்டும்.

அடுத்து தையல். துளை விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, 150 மி.மீ.க்கு ஒன்று, அணியம் (படகின் முன்முனை) பக்கம் வளைவு கூடும் கடைசி அரை மீட்டரில் 75 மி.மீ.க்கு ஒன்று. 2 மி.மீ. டிரில், 1.2 மி.மீ. செப்புக் கம்பி. இரும்புக் கம்பி வேண்டாம், உள்ளே துண்டு மாட்டிக்கொண்டால் துரு பிடித்து ஊதும். முறுக்கை வெளிப்பக்கம் வையுங்கள், உள்ளே இருந்தால் ஃபில்லெட் இழுக்க முடியாது. முதலில் எல்லாக் கம்பியையும் தளர்வாகப் போட்டுப் படகு முழுவதும் உருவான பிறகுதான் இறுக்க வேண்டும், அதுவும் இரு பக்கமும் மாற்றி மாற்றி. முன்னாலிருந்தே ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டு போனால் பின்பலகைக்கு வரும்போது ஒரு பக்கம் 10 மி.மீ. நீண்டு நிற்கும்.

கம்பி எல்லாம் இறுகியதும் உடனே பட்டி இழுக்கத் தொடங்காதீர்கள். 6 மி.மீ. பிளைவுட் தைத்த நிலையில் துணி மாதிரி. ஒரு மூலையைத் தூக்கினால் மொத்தமும் திருகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. நேரான இரண்டு ரீப்பரை எடுத்து, ஒன்றை முன் தடுப்பின் மேலும் ஒன்றைப் பின்பலகையின் மேலும் குறுக்கே வைத்து, பின்னால் குனிந்து ஒரு கண்ணால் பாருங்கள். இரண்டின் மேல்கோடும் ஒன்றாக மறைய வேண்டும். ஒரு முனை தூக்கித் தெரிந்தால், அதே ரீப்பரின் தாழ்ந்த முனைப் பக்கம் தாங்கியின் கீழ் ஆப்பு வைத்துச் சரிசெய்யுங்கள். அணிய நுனியிலிருந்து பின்பலகையின் இரு மூலைக்கும் நூல் பிடித்தால் இரண்டு நீளமும் 3 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும். நடுவில் 1.2 மீட்டர் இருக்கிறதா என்று ஒரு குறுக்குச் சட்டம் வைத்துப் பிடியுங்கள். திருகலோடு எபாக்ஸி இறுகினால் அந்தப் படகு வாழ்நாள் முழுக்க ஒரு பக்கமே இழுக்கும், திருத்த வழி கிடையாது. இந்த வேலைக்கு அரை நாள் ஒதுக்குங்கள், அவசரப்பட வேண்டாம்.

தடுப்புகள் பக்கப் பலகையை முட்டித் தள்ளக் கூடாது. சுற்றிலும் 1–2 மி.மீ. இடைவெளி இருக்கட்டும், ஃபில்லெட் அதை நிரப்பும். இறுக்கமாகச் செருகினால் வெளியே அந்த இடம் விலா எலும்பு போலத் துருத்தும், பெயின்ட் அடித்த பிறகு இன்னும் நன்றாகத் தெரியும்.

---

நீர்க்கோடு

மிக்க நன்றி. தராசு விஷயம் நெற்றியில் அடித்தது மாதிரி இருக்கிறது. டேட்டா ஷீட்டில் 100:44 என்றுதான் இருக்கிறது.

இன்னும் மூன்று. கம்பியை எப்போது எடுப்பது? உட்புறத்துக்கும் துணி போர்த்த வேண்டுமா? முன்னும் பின்னும் இருக்கைக்குக் கீழே அடைத்த காற்றறை என்று வரைபடம் சொல்கிறது, அதை முழுக்க மூடிவிடலாமா?

---

அணியம்

கம்பி: இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் கம்பிகளுக்கு இடையில் மட்டும் சிறு பட்டிப் புள்ளிகள், கம்பியைத் தொடாமல். மறுநாள் அவை இறுகியதும் கம்பிகளை வெட்டி உருவிவிட்டு, முழு ஃபில்லெட்டை ஒரே ஓட்டமாக இழுங்கள். ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டால் சால்டரிங் அயர்னைக் கம்பி முனையில் சில நொடி வையுங்கள், எபாக்ஸி இளகி விடும், பிளையரால் நேராக இழுத்தால் வந்துவிடும்.

பட்டியின் பதம் முக்கியம். முதலில் மரத்தூள், சலித்த மாவு போன்ற நுண்தூள், ரம்பத்தூள் அல்ல. பிறகு வழியாமல் நிற்கச் சிறிது சிலிக்கா. குச்சியில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தால் நுனி கூராக நிற்க வேண்டும், தொங்கக் கூடாது. பளபளப்பு போய் மங்கலாகத் தெரியும்போது நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் வறண்டு மரத்தில் ஒட்டாது. மூலையில் முதலில் வெறும் எபாக்ஸி தடவிவிட்டுத்தான் பட்டி. ஃபில்லெட் தொட்டால் பதியும், கையில் ஒட்டாது என்ற நிலையில் 75 மி.மீ. டேப்பை மேலே போட்டு நனைத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இறுகும், நடுவே தேய்க்கும் வேலை மிச்சம்.

வெளிமூலைகளை 6 மி.மீ. ஆரத்துக்கு உருட்டுங்கள். கண்ணாடியிழை கூர்மூலையில் மடங்காது, தூக்கிக்கொண்டு நிற்கும், கீழே காற்று வெள்ளையாகத் தெரியும். பின்பலகையின் அடிவிளிம்பு மட்டும் விதிவிலக்கு: தண்ணீர் அங்கே சுத்தமாக அறுபட்டு விலக வேண்டும், அதனால் துணி போட்ட பிறகு கெட்டி எபாக்ஸியால் அந்த விளிம்பைக் கூராகக் கட்டிக்கொள்ளுங்கள்.

---

இழைப்புளி

உட்புறத் துணி: பக்கங்களுக்கு வேண்டாம், மூன்று கோட் போதும். ஆனால் கால் வைக்கும் அடிப்பலகைக்கு நான் போடச் சொல்வேன். செருப்பில் ஒட்டிய மணல் வெறும் எபாக்ஸியை ஒரே பருவத்தில் அரைத்துவிடும். ஒன்றரைச் சதுர மீட்டர் துணி, அரைக்கிலோ ரெசின்.

திருகு துளைகள் பற்றி யாரும் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல படகுகள் அங்கேதான் உளுக்கின்றன. துடுப்புக் கொண்டிக்கு 5 மி.மீ. திருகு என்றால் முதலில் 9 மி.மீ. துளை போட்டு, உள்சுவரை எபாக்ஸியால் நனைத்து, கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, இறுகியதும் நடுவில் திருகின் அளவுக்கு மறுபடி துளையுங்கள். திருகு மரத்தைத் தொடவே கூடாது. பின்பலகையின் வடிகால் துளைக்கும் இதேதான். பிளைவுட்டின் விளிம்பு, முகத்தைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும்; வெட்டிய ஒவ்வொரு விளிம்புக்கும் மூன்று முறை எபாக்ஸி, உறிஞ்சுவது நிற்கும்வரை.

---

பட்டிக்கரண்டி

காற்றறையை மூடுங்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் திருகித் திறக்கும் ஒரு மூடி வையுங்கள். முழுக்க அடைத்தால் வெயிலில் உள்காற்று விரிந்து ஒட்டைத் தள்ளும், இரவில் சுருங்கி ஈரத்தை உறிஞ்சும். படகு கரையில் இருக்கும்போது மூடி திறந்தே இருக்கட்டும். இருக்கைப் பலகையை ஒட்டுவதற்கு முன் அறையின் உள்முகம் மூன்று கோட்டும் முடிந்திருக்க வேண்டும், பிறகு கை நுழையாது. காற்றறையை மட்டும் நம்பாமல் உள்ளே நுரைப்பலகையும் வைக்கலாம். ஒரு லிட்டர் நுரை ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். தண்ணீர் குடிக்காத, மூடிய கண் நுரையாக இருக்க வேண்டும்.

ஒரு கலவைக்கு 150 கிராமுக்கு மேல் வேண்டாம். கலந்ததும் கப்பில் வைத்துக்கொண்டு நிற்காமல் அகலத் தட்டில் ஊற்றுங்கள். ஆழமான கப்பில் அதன் சூடே அதை இன்னும் வேகமாக இறுக்கும்; அரை லிட்டர் கப் புகைவிட்டுப் பிளாஸ்டிக்கையே உருக்கும். அப்படி ஆனால் வெளியே திறந்த இடத்தில், மண்மேல் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் வேலை நேரம் ஏறக்குறையப் பாதியாகும்.

எபாக்ஸி வெயில் தாங்காது, மஞ்சளித்துச் சுண்ணாம்பு போல உதிரும். கடைசிக் கோட்டுக்கு ஒரு வாரம் கழித்துக் கழுவி, தேய்த்து, பெயின்டோ புற ஊதாக் காப்புள்ள வார்னிஷோ கட்டாயம் அடிக்க வேண்டும்.

கைகளைக் காப்பாற்றுங்கள். நைட்ரைல் கையுறை, கிழிந்ததும் மாற்றவும். தோலில் பட்டால் தின்னரால் துடைக்காதீர்கள், அது ஹார்ட்னரைத் தோலுக்குள் கொண்டுபோகும். துணியால் துடைத்துச் சோப்பும் தண்ணீரும். ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போகாது, அதன் பிறகு அந்த ஆள் எபாக்ஸி வேலையே செய்ய முடியாது. முழுதாக இறுகாத எபாக்ஸியைத் தேய்த்து வரும் தூசிக்கும் இதே ஆபத்து உண்டு. உங்கள் சோதனைத் துண்டு அந்த நிலையில்தான் இருக்கிறது, அதை இனி தேய்க்க வேண்டாம். சிலிக்காப் பொடி கலக்கும்போதும் தேய்க்கும்போதும் தூசி முகக்கவசம் போடுங்கள்.

---

நீர்க்கோடு

100:44 விகிதத்தில் இரண்டாவது துண்டு மாலை ஆறரைக்குப் பூசியது: குமிழி இல்லை, நகம் பதியவில்லை, கழுவிய பின் உப்புத்தாளில் வெள்ளைத் தூளாக வருகிறது. அடுத்து பக்கப் பலகைகளின் ஒட்டுக்கு 48 மி.மீ. கோடு போடப் போகிறேன்.